கையெழுத்து வைத்தவர்கள்

அந்தப் பாடத்தை நான் விரும்பி எடுக்கவில்லை. ஹெண்டர்சன் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். செவ்வாயும் வியாழனும் எனக்கு ஓய்வு. யாழ்ப்பாணத்தில் பாதியில் விட்ட படிப்பை ஐம்பது வயதிலாவது முடித்துவிட வேண்டும் என்று ஆக்லாந்தில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது, அந்த இரண்டு நாள் காலையிலும் நடந்த ஒரே வரலாற்றுப் பாடம் அதுதான். பழைய ஐரோப்பாவில் மதத்துக்காகத் துரத்தப்பட்டவர்கள், ஊர்விட்டு ஊர் ஓடியவர்கள், ஓடிப்போன இடத்தில் சிறுபான்மையாக வாழ்ந்தவர்கள். எனக்கு முன்பின் தெரியாத ஆட்கள்.

மூன்றாவது வாரம் பிரான்சுக்கு வந்தோம். முந்நூற்று நாற்பது வருஷங்களுக்கு முன், அந்த நாட்டு அரசன் தன் நாட்டில் ஒரு மதம்தான் இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தான். ஹ்யூகனோக்கள் என்று அழைக்கப்பட்ட சிறுபான்மைக் கிறிஸ்தவர்களின் வீடுகளுக்குள் பட்டாளத்தைக் குடியேற்றினான். சிப்பாய்கள் அந்த வீடுகளில் இருந்ததைத் தின்றார்கள், கதிரை மேசைகளை அடுப்பில் வைத்தார்கள், வீட்டுக்காரனைக் கட்டிவைத்து அடித்தார்கள். எல்லாவற்றையும்விட மோசமானது தூக்கம் கெடுப்பது. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று முறை மாற்றி முறை மாற்றி முரசு அடிப்பார்கள். நாட்கணக்கில். மனிதன் தன் பிள்ளையின் பெயரே மறந்துபோகும் நிலைக்கு வரும்போது ஒரு காகிதத்தை நீட்டுவார்கள். என் மதத்தை விடுகிறேன் என்று அதில் கையெழுத்து வைத்தால் பட்டாளம் அடுத்த வீட்டுக்குப் போகும். அநேகம் பேர் வைத்தார்கள். சில ஊர்களில், பட்டாளம் வருகிறது என்ற செய்தி கேட்டதுமே ஊரே வரிசையில் நின்று வைத்தது.

முன் வரிசையில் இருந்த ஒரு மாணவன் கேட்டான்: "ஒரு கையெழுத்துத்தானே? அதற்கு ஏன் இவ்வளவு? போட்டுவிட்டு வீட்டுக்குள் தங்கள் பாட்டுக்குக் கும்பிட்டிருக்கலாமே?"

அவன் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. விரிவுரையாளர் ஏதோ விளக்கம் சொன்னார். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. ஏன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் இதைக் கணவரிடம் சொன்னேன். ரானுயியில் எங்களுக்கு ஒரு டெயரி இருக்கிறது. பாணும் பாலும் சிகரெட்டும் விற்கும் சின்னத் தெருமுனைக் கடை. அவர் கடையை மூடிவிட்டு வந்து சோற்றில் கை வைத்திருந்தார். முரசு என்று நான் சொன்னதும் கை நின்றது.

"முரசோ?" என்றார். "எங்களுக்குத் தகரப் பீப்பா."

அவ்வளவுதான். சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டுபோய் மிச்சத்தைக் கொட்டினார். எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். இருபது வயது தாண்டிய புதிதில் அவரை இராணுவ முகாமில் பிடித்து வைத்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். உள்ளங்காலில் இருக்கும் தழும்புகளும் தெரியும். கேட்டால் கதைக்க மாட்டார் என்பதும் தெரியும். நானும் அதற்குமேல் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை, பின்னேரம் மூன்றரை மணி. அவர் கவுண்டரில் நின்றார். நான் பின்னறையில் ஒரு பெட்டிமேல் புத்தகத்தை விரித்து வைத்துக் கட்டுரைக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். கதவு மணி அடித்தது. அடுத்த நொடி கண்ணாடி உடையும் சத்தம்.

எட்டிப் பார்த்தேன். முகத்தை மூடிய இரண்டு ஆண்கள். ஒருவன் கையில் சுத்தியல், மற்றவன் கையில் இரும்புக் கம்பி. கம்பிக்காரன் கவுண்டரைத் தாண்டி உள்ளே குதித்துச் சிகரெட் அலுமாரியை உடைக்கத் தொடங்கினான். என் கணவர் கையை உயர்த்திக்கொண்டு விலகித்தான் நின்றார். எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. இருந்தும் சுத்தியல்காரன் அடித்தான். வலது புருவத்துக்கு மேலே. பழுத்த பூசணிக்காயைத் தரையில் போட்டதுபோல ஒரு சத்தம். அவர் பால் குளிரூட்டிமேல் சாய்ந்து அதன் கதவோடு சேர்ந்து விழுந்தார். பால் போத்தல்கள் உருண்டு உடைந்து தரையெல்லாம் வெள்ளை.

நான் பின்னறைச் சுவரில் இருந்த அவசரப் பொத்தானை அமத்தினேன். கடைக்குள் அலாரம் அலறியது. கம்பிக்காரன் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். சுத்தியல்காரனும் ஓடப் பார்த்தான். பாலில் கால் சறுக்கி மல்லாக்க விழுந்தான். சுத்தியல் அவன் கையைவிட்டுப் போய் என் கணவரின் முழங்காலில் முட்டி நின்றது. வெளியே கார் கிளம்பும் சத்தம் கேட்டது. கூட்டாளி அவனை விட்டுவிட்டுப் போய்விட்டான்.

என் கணவர் எழும்பினார். கண்ணுக்குள் இரத்தம் வழிந்துகொண்டிருந்தது. சுத்தியலை எடுத்தார். எழும்ப முயன்ற அந்த மனிதனின் முழங்காலில் ஓங்கி அடித்தார். எலும்பு உடைவது அலாரத்துக்கு மேலாகக் கேட்டது. பிறகு தோள். பிறகு, முகத்தை மறைக்கத் தூக்கிய கை. துணி நழுவி அவன் முகம் தெரிந்தது. முப்பத்தைந்து வயது இருக்கும். முன்பல் ஒன்று இல்லை. "ப்ளீஸ், ப்ரோ, ப்ளீஸ்" என்று அழுதான். ஒவ்வொரு அடிக்கும் என் கணவர் ஒரே வசனத்தைக் கத்தினார்.

"அத்சன் கரப்பன்! அத்சன் கரப்பன்!"

அது தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. கொழும்பில் இரண்டு வருஷம் இருந்ததால் எனக்குச் சிங்களம் விளங்கும். கையெழுத்து வையடா என்று அர்த்தம்.

நான் உடனே ஓடிப்போய்த் தடுத்தேன் என்று எழுத ஆசைதான். தடுக்கவில்லை. என் மனிதனின் மண்டையை உடைத்தவன் அவன். இன்னும் இரண்டு அடி விழட்டும் என்று நின்றேன். விழுந்தது. அவன் கத்துவதை நிறுத்தி, நாய்க்குட்டிபோல முனகத் தொடங்கியபோதுதான் பயம் பிடித்தது. பின்னாலிருந்து இவரைக் கட்டிப்பிடித்தேன். இவரது முழங்கை என் உதட்டைக் கிழித்தது.

"விடுங்கோ! செத்துப்போவான்! விடுங்கோப்பா!"

திரும்பி என்னைப் பார்த்தார். நான் யாரென்று தெரியாத பார்வை. பொலிஸ் வரும்வரை சுத்தியலைக் கையைவிட்டு விடவில்லை.

ஆஸ்பத்திரியில் இவருக்குப் புருவத்தில் பதினொரு தையல். அந்த மனிதனுக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை. மறுநாள் காலை ஒரு பெண் பொலிஸ் வீட்டுக்கு வந்து வாக்குமூலம் எடுத்தாள். பொறுமையானவள். இவர் நடந்ததை நடந்தபடி சொன்னார், விழுந்த பிறகு அடித்ததையும். அவள் தட்டச்சு செய்து, கையோடு கொண்டுவந்த சின்ன இயந்திரத்தில் அச்செடுத்து, கடைசிப் பக்கத்தில் விரலை வைத்து, இங்கே கையெழுத்துப் போடுங்கள் என்றாள்.

இவர் பேனாவை எடுத்தார். வைத்தார். என்னிடம் திரும்பினார்.

"என்ன எழுதியிருக்கெண்டு வாசியும்."

வாசித்தேன். இன்னொருமுறை என்றார். மூன்றாம் முறை வாசிக்கும்போது அவரது விரலும் காகிதத்தில் வரிக்கு வரி என்னோடு நகர்ந்தது.

"வேற ஆற்ற பேரும் இதில இல்லையே?"

"இல்லையப்பா. உங்கட பேர் மட்டும்தான்."

"என்னால ஏலாது."

நான் அந்தப் பெண்ணிடம் கொஞ்சம் நேரம் தரும்படி கேட்டேன். அவள் இவரது முகத்தைப் பார்த்துவிட்டு, காரில் இருக்கிறேன் என்று வெளியே போனாள். நான் கதவைச் சாத்தினேன்.

"நேற்றுக் கடைக்குள்ள என்ன கத்தினீங்கள் தெரியுமோ?" என்றேன். "அத்சன் கரப்பன் எண்டு. எதில கையெழுத்து வைச்சனீங்கள்?"

அவர் சொன்னார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை.

முகாமில் ஆறு நாள் தூங்க விடவில்லை. தலைக்கு மேலே தகரப் பீப்பாவைக் கவிழ்த்து அதில் அடித்தார்கள். அடிப்பவன் களைத்தால் இன்னொருவன் வருவான். உள்ளங்காலில் அடித்த அடியில் நிற்க முடியாது, உட்காரவும் விடமாட்டார்கள். ஏழாம் நாள் ஒரு காகிதம். அதில் இருந்த சிங்கள எழுத்து அவருக்குத் தெரியாது. தமிழ் தெரிந்த ஒருவன் அதிலிருந்து மூன்று பெயர்களை வாசித்துக் காட்டினான். இவர்களை இயக்கத்தோடு கண்டதாகக் கையெழுத்து வை என்றான். இரண்டு பேர் ஏற்கெனவே வன்னிக்குப் போய்விட்டவர்கள், இராணுவத்தின் கைக்கு எட்டாதவர்கள். மூன்றாமவன் ஊரில் இருந்தான். றேடியோ திருத்துகிறவன். இயக்கத்துக்கும் அவனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இவரும் அவனும் ஒரே தெரு, ஒரே சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவர்கள்.

"வைச்சனான்" என்றார். "வைச்ச உடன நித்திரை கொள்ள விட்டவங்கள். நான் நித்திரை கொண்டனான். கேக்குதோ? அவன்ர பேரைக் குடுத்திட்டு நான் நித்திரை கொண்டனான்."

மறுநாள் மத்தியானம் அவனை உழவு இயந்திரப் பெட்டியில் கொண்டுவந்தார்கள். இவருக்கு எதிரே இருத்தி, இவனோ என்று கேட்டார்கள். இவர் தலையாட்டினார். மணல் நிரப்பிய குழாயால் இவருக்கு முன்னாலேயே அவனை அடித்தார்கள்.

"திருப்பி ஒரு சொல் சொல்லேல்ல. என்னைப் பாத்துக்கொண்டே இருந்தவன். மூண்டாம் நாள் விடிய ஒரு சாக்கில சுத்திக் கொண்டுபோனவங்கள். கால் வெளியில தெரிஞ்சது."

அந்த றேடியோக்காரனின் தங்கையை எனக்குத் தெரியும். பாட்டனி டவுன்ஸில் இருக்கிறாள். தமிழ்நாட்டுக்காரர் ஒருவரைக் கட்டியிருக்கிறாள். கோயிலிலும் பிறந்தநாள் வீடுகளிலும் கண்டால் ஓடிவந்து கதைப்பாள். என் கணவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். தன் அண்ணனோடு படித்தவர் என்று ஒரு தனி வாரப்பாடு, பாசம். அவன் காணாமல் போனான் என்பதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. இறந்தானா, எங்கேயாவது உயிரோடு இருக்கிறானா என்பது தெரியாது.

இவர் கடைசியில் பொலிஸின் காகிதத்தில் கையெழுத்து வைத்தார். எழுத்து அவருடையதுபோல இல்லை.

அந்தச் செவ்வாய் வகுப்பில், லண்டனுக்குத் தப்பிப் போன ஹ்யூகனோ அகதிகளைப் பற்றிய பாடம். நாட்டைவிட்டு ஓடினால் கப்பலில் துடுப்பு வலிக்கும் தண்டனை என்று தெரிந்தும் ஆயிரக்கணக்கானோர் ஓடினார்கள். லண்டனில் அவர்களுக்கென்று பிரெஞ்சுத் தேவாலயங்கள் இருந்தன. ஆனால் ஊரில் பட்டாளத்தின் காகிதத்தில் கையெழுத்து வைத்துவிட்டு வந்தவர்களை அப்படியே சேர்த்துக்கொள்ளவில்லை. சபைக்கு முன்னால் எழுந்து நின்று, நான் கையெழுத்து வைத்தேன், அது தவறு என்று சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் மற்றவர்களோடு சேர்ந்து திருவிருந்தில் அப்பமும் திராட்சை இரசமும் எடுக்கலாம். அப்படிச் சொன்னவர்களின் பெயர்களைத் தேவாலயம் எழுதி வைத்திருக்கிறது. நூலகத்தில் அந்தப் பட்டியலைப் பார்த்தேன். புருஷனும் பெண்சாதியும், விதவைகள், அக்காவும் தங்கையும். பெயர், வந்த ஊர், நாள். பக்கம் பக்கமாக.

சனிக்கிழமை கடையைத் துப்புரவாக்கினோம். ஓடுகளுக்கு இடையில் பாலும் இரத்தமும் காய்ந்து கறுத்திருந்தன. இரண்டு பேரும் முழங்காலில் இருந்து பழைய பல்தூரிகைகளால் தேய்த்தோம். அப்போது அவருக்கு அந்தப் பட்டியலைப் பற்றிச் சொன்னேன்.

"எழும்பி நிண்டு என்னெண்டு சொன்னவை?"

"கையெழுத்து வைச்சனாங்கள் எண்டு."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான். எனக்கெண்டால் விசராக்கிடக்கு. முரசு அடிச்சவனையல்லோ எழுப்பி நிப்பாட்டியிருக்க வேணும்?"

"அவன் அங்க இல்லையே" என்றார். தேய்ப்பதை நிறுத்தவில்லை. அடுத்த ஓட்டுக்கு நகர்ந்து, "அவை தங்களைத்தான் எழுதிக் குடுத்தவை. நான் இன்னொருத்தனை" என்றார்.

நான் வாளித் தண்ணீரைக் கொட்டிப் புதிதாக நிரப்பி வந்தேன்.

அடுத்த ஞாயிறு காலை குளித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்து, "பாட்டனிக்குப் போவம்" என்றார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தக் குடும்பத்துக்காக அல்ல, எங்களுக்காக. இந்த ஊரில் எங்களுக்கு இருப்பதே பத்துப் பதினைந்து தமிழ்க் குடும்பங்களின் பழக்கம்தான். அதுவும் போய்விடும். ஆனால் சொல்லவில்லை. காரை நான் ஓட்டினேன்.

கதவைத் திறந்தது அவளுடைய கணவர். "வாங்கண்ணா, வாங்கக்கா. கேள்விப்பட்டோம், கடையில இப்படி ஆயிடுச்சுன்னு. தையல் எப்படி இருக்கு? உட்காருங்க" என்றார். அவள் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்: "அண்ணா, தேத்தண்ணி போடுறன், இருங்கோ." இவர் உட்காரவில்லை. அவள் எவர்சில்வர் தட்டில் நான்கு கோப்பைகளோடு வரும்வரை வரவேற்பறை நடுவில் நின்றார். அவள் வந்ததும் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை.

"தங்கச்சி, உங்கட அண்ணனைக் காட்டிக் குடுத்தது நான். முகாமில கையெழுத்து வைச்சனான். அவன் செத்திட்டான். நான் பாத்தனான்."

கோப்பைகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் கேட்டது. பிறகு அவள் தட்டோடு அவர்மேல் வீசினாள். கொதிக்கும் தேநீர் அவரது கழுத்திலும் நெஞ்சிலும் கொட்டியது. கீழே விழுந்த தட்டை எடுத்து அதாலேயே முகத்தில் அடித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. தையல் பிரிந்து இரத்தம் வெள்ளைச் சேட்டில் இறங்கியது. இவர் கையைக்கூடத் தூக்கவில்லை.

"அம்மா பதினெட்டு வருஷம்! ஒப்பீஸ் ஒப்பீசாத் திரிஞ்சவடா! படத்தைப் பிடிச்சுக்கொண்டு றோட்டில இருந்து செத்தவ! என்ர கலியாண வீட்டில வந்து திண்டனியே, அப்ப சொல்லியிருக்கலாமே! நாயே!"

அவளுடைய கணவர் பின்னாலிருந்து அவளை இறுக்கிப் பிடித்தார். "வேணாம்மா, விட்டுடு, விடும்மா." அவள் திமிறிக்கொண்டு காலால் உதைத்தாள். நான் சுவரோடு ஒட்டி நின்றேன். இவளைப் பிடித்து நிறுத்த எனக்கு உரிமை இல்லை என்று பட்டது.

களைத்துத் தரையில் உட்கார்ந்த பிறகு வேறு ஒரு குரலில் கேட்டாள்.

"என்ன உடுப்போட இருந்தவன்?"

"நீலக் கட்டம் போட்ட சாரம். சேட்டு இல்லை."

"என்னவும் சொன்னவனோ?"

"இல்லை. ஒண்டும் சொல்லேல்ல. ஆற்ற பேரையும் சொல்லேல்ல."

"எந்த நாள்?"

"சிவராத்திரிக்கு முதல் நாள் விடிய. அடுத்த நாள் கோயில் லவுட்ஸ்பீக்கர் முகாமுக்குக் கேட்டது. அதால தெரியும்."

அவள் அதை வாய்க்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். பிறகு முகத்தைத் தூக்காமலே, "போ. இனி இந்த வாசலை மிதிக்காத" என்றாள்.

காருக்கு வந்தோம். அவளுடைய கணவர் ஒரு துவாயோடு பின்னால் ஓடிவந்தார். "எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலண்ணா. இனிமே வராதீங்க. ஆனா நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க, ரத்தம் நிக்கல" என்றார். துவாயை என் கையில் தந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்.

செய்தி ஒரு வாரத்துக்குள் எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. கோயிலில் நாங்கள் நின்ற வரிசையிலிருந்து ஆட்கள் விலகி நின்றார்கள். ஒரு மனிதர் வாசலில் வைத்து இவரது காலடியில் காறித் துப்பினார். ஒரு காலை கடைக்குப் போனால், இரும்புக் கதவில் சிவப்புப் பெயின்டால் துரோகி என்று ஆளுயரத்துக்கு எழுதியிருந்தது. தெருவில் அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். பாண் வாங்க வந்த பக்கத்து வீட்டுப் பெண், அழகான எழுத்து, உங்கள் பண்டிகையா என்று கேட்டாள். இவர் ஆம் என்று தலையாட்டினார். இரண்டு நாள் அதை அழிக்காமல் விட்டார். மூன்றாம் நாள் நானே சாம்பல் நிறப் பெயின்ட் வாங்கி வந்து பூசினேன்.

கடையில் அடிபட்டவன் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனான். இவர்மேல் வழக்குப் போடுவதில்லை என்று பொலிஸ் முடிவெடுத்தது. அதைச் சொன்னபோது, "ஏன்?" என்று மட்டும் கேட்டார். அந்த மனிதன் இப்போது கோல் ஊன்றித்தான் நடக்கிறான் என்று அந்தப் பெண் பொலிஸ் சொன்னாள்.

என் கட்டுரையை எழுதி முடித்தேன். எழுந்து நின்று சொன்னவர்களைச் சபை ஏற்றுக்கொண்டது என்று அதில் எழுதினேன், ஏனென்றால் பட்டியலில் அப்படித்தான் இருக்கிறது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் யார் யாரோடு பேசினார்கள், யார் முகத்தைத் திருப்பினார்கள் என்பதைப் பட்டியல் சொல்வதில்லை. அதையும் எழுதினேன். ஆதாரம் இல்லாத ஊகம் என்று விரிவுரையாளர் ஓரத்தில் குறித்திருந்தார். சரிதான்.

மாசி மாதம் வந்தது. சிவராத்திரிக்கு முதல் நாள் காலை என் தொலைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. பாட்டனியிலிருந்து அவளுடைய கணவர். "இன்னிக்கு அவ அண்ணனுக்குத் திதி குடுக்கறோம். இதுதான் முதல் தடவை. உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லச் சொன்னா. வரவேண்டாம்னும் சொல்லச் சொன்னா."

வேலைக்குப் போகாமல் கடைக்குப் போய் அவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார். காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை என்று அப்போதுதான் கவனித்தேன். இன்றைய நாளை அவரும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"எத்தினை மணிக்காம்?"

"அது போடேல்ல."

தொலைபேசியை என்னிடம் தந்தார். கதவு மணி அடித்தது. யாரோ முட்டை கேட்டார்கள். அவர் எடுத்துக் கொடுத்து, நன்றி சொல்லி அனுப்பினார்.